முந்திக்கொண்ட போன்

கம்பளைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மஹ்மூத் ஹாஜியாரின் போனைத் தொலைத்தது அவருடைய டிரைவர் சுந்தரலிங்கம்தான் என்று. நல்லவர்கள் ‘தொலைச்சிட்டான்’ என்றார்கள். மற்றவர்கள் அதே சொல்லைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் மூன்று மாதமாகச் சுந்தரலிங்கத்தின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

இருபத்தாறு வருஷம். பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவரை ஹாஜியார்தான் கம்பளைக்குக் கூட்டிவந்தார். முதலில் லொறி, பிறகு வேன், கடைசியில் இந்த ஜப்பான் கார். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று மலைநாடு முழுக்கச் சுற்றிய இருபத்தாறு வருஷத்தில் ஒரு கராம்புக் காம்பு குறைந்தது என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

ஹாஜியார் கண்ணை மூடி மௌத்தான அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய பையை வாங்கி வந்தவர் சுந்தரலிங்கம். சாரம், தொப்பி, தஸ்பீஹ் மணி, மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் இருந்தன. போன் மட்டும் இல்லை. நாற்பது வருஷ வியாபாரத்தின் நம்பர்கள் அத்தனையும் அந்தப் போனில்தான்.

“பைய நீங்கதானே தூக்கிட்டு வந்த?” என்று ஹாஜியாரின் ஒரே மகள் இன்ஷிரா கேட்டாள்.

கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஆனால் சனம் நிறைந்த மையித்து வீட்டின் நடு ஹோலில் நின்று கேட்டுவிட்டாள். வாசலைத் தாண்டும்வரை அது கேள்வியாக இருந்தது. கடைத்தெருவை அடைந்தபோது பதிலாகிவிட்டது.

பழைய நம்பருக்குப் புது சிம் எடுத்தாயிற்று. கடையை இன்ஷிரா பொறுப்பெடுத்தாயிற்று. கெட்டிக்காரி, வாப்பாவைப் போலவே மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவாள். சுந்தரலிங்கத்துக்கு ஒரு புதுப் போனும் வாங்கிக் கொடுத்தாள். காருடன் அதைக் கடைவாசலில் வைத்துத் தானே புளூடூத்தில் சேர்த்துவிட்டாள்.

“போனத் தொடவே தேவல்ல. கோல் வந்தா ஸ்டியரிங்ல இந்த பட்டன அமத்துங்க. என்ட சத்தம் காருக்குள்ள கேக்கும். பொலிஸ்காரனும் ஒண்டும் செல்ல ஏலா.”

கடைவாசலில் கேட்டது. மறுநாள் காலை வீட்டிலிருந்து புறப்பட்டபோது கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவள் மறுபடி சேர்ப்பாள், மாலை வரை ஒழுங்காக இருக்கும். இரவு காரை ஹாஜியார் வீட்டுப் போர்ட்டிக்கோவில் விட்டுவிட்டு, காலையில் வந்து, போனிருக்கும் சட்டையைக் கழற்றிக் கேட்டில் மாட்டி, ஸ்டார்ட்டில் விட்டுத் துடைத்துப் புறப்பட்டால் பழைய குருடி கதவைத் திறடி!

காரின் ஸ்கிரீன் முழுக்க ஜப்பான் எழுத்து. கம்பளையில் அதை வாசிக்க ஒருவரும் கிடையாது. கார் விற்றவன் இடம் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததுதான் பாடம்: மேல் கட்டம் பாட்டு, நடுக் கட்டம் போன், மூன்றாவது கட்டத்தைத் தொடாதே, தொட்டால் எல்லாம் அழியும். ஹாஜியார் அந்த மூன்றாவது கட்டத்தைக் கண்ணிவெடி போலப் பார்ப்பார். சுந்தரலிங்கமும் அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயம் முற்றிப் போனது.

கொழும்பிலிருந்து கராம்பு வாங்க ஒருவர் வருகிறார், கட்டுகஸ்தோட்டையில் சந்திப்பு, மாதிரியைக் கொண்டுபோக வேண்டியவர் சுந்தரலிங்கம். கெலிஓயாவைத் தாண்டும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. பட்டனை அமத்தினார். காருக்குள் ஊமை மௌனம். பின்னால் இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு வந்தன. நிறுத்த இடமில்லை. போன் ஏழு தடவை துடித்து ஓய்ந்தது. பேராதனைப் பாலத்தைத் தாண்டி ஒருவாறு ஓரங்கட்டி எடுத்தபோது இன்ஷிராவின் குரல் தணிந்திருந்தது. கோபத்தின் உச்சியில் அவள் வாப்பாவுக்கும் குரல் அப்படித்தான் தணியும்.

“அவர் பேராதனைலயே வந்து நிண்டீக்கார். நீங்க அவரத் தாண்டிப் போயிட்டீங்க. பாத்திட்டு வேற கடைக்குப் போயிட்டார். திரும்பி வாங்க.”

கடையில் மூட்டை தூக்குகிற மூன்று பேர் இருந்தார்கள். இன்ஷிரா அவர்களை அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அனுப்பவில்லை.

“இது எத்தினயாவது தரம்?”

“போனு சேரல மகள். நா என்னா செய்யிறது?”

“நான் சேத்தா சேருது. வாசல்ல நிண்டா சேருது. உங்கட கைக்குப் போனா மட்டும் ஏன் அறுந்து போகுது? நீங்க எதையோ அமத்திறீங்க.”

“சத்தியமா நா ஒண்ணையும் தொடலங்க.”

“அப்ப காருக்கு ஜின் புடிச்சீக்கி.” மூட்டைக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “மத்த போன் விஷயத்துல நான் ஒண்டும் செல்லல்ல. செல்லவும் மாட்டன். ஆனா அடுத்த மாசத்துக்கு வேற டிரைவர் பாக்கிறன். நீங்களும் களச்சிட்டீங்க.”

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். ஆனால் இப்படிப் போனால் கடைத்தெரு என்ன சொல்லும்? ‘போன் எடுத்தவனக் கடைசியில கழட்டிட்டாங்க.’ அதற்குப் பிறகு அவர் செத்தாலும் அந்தப் பேர் சாகாது.

“ஒரு நாள் தாங்க மகள்,” என்றார். “இது என்னா வியாதின்னு பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் நீங்க சொல்றபடி.”

பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டோரமாக, கார்களுக்கு செட் பூட்டுகிற கடை வைத்திருந்தாள் சுதர்சினி. தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தாள். ஆளைப் பார்த்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும்.

“வாங்கண்ணே. என்னா, செட்டு பாடமாட்டேங்குதா, இல்ல பாட்ட நிறுத்தமாட்டேங்குதா?”

விஷயத்தைச் சொன்னார். அவள் முன்சீட்டில் ஏறி, அவருடைய போனை வாங்கி, இரண்டு விரலால் எதையோ தட்டினாள். காருக்குள் ‘டிங்’ என்றது.

“புடிச்சிருச்சே!”

“இங்க புடிக்கும். எல்லா எடத்துலயும் புடிக்கும். ஹாஜியாரு வீட்ல வச்சி ஸ்டார்ட் பண்ணினா மட்டும் புடிக்காது. அங்க புடிக்கலேன்னா வழி பூரா புடிக்காது, நாமளா தட்டுற வரைக்கும்.”

“வீட்ல மட்டுமா?” அவளுடைய கைகள் நின்றன. “வேற எங்கயும் இல்ல?”

“இல்ல.”

“அப்ப போனுக்கும் குத்தமில்ல, காருக்கும் குத்தமில்ல. வேற ஒருத்தன் முந்திக்கிறான்ணே.” நடுக் கட்டத்தை அமத்தினாள். ஜப்பான் எழுத்துக்களுக்கு நடுவே இங்கிலீஷில் நாலு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. “இந்தக் காரு அஞ்சு போன ஞாபகத்துல வச்சிருக்கும். ஸ்டார்ட் ஆன உடனே கிட்டக்க எது கெடக்குன்னு தேடும். கடைசியா எதோட சேந்துச்சோ அத மேல வச்சுக்கும். இப்ப நா சேத்ததால உங்களது மேல இருக்கு. அடுத்து நிக்கிறது யாரு பாருங்க. மஹ்மூத். இன்னைக்குக் காலையில காரு இவரோடதான் சேந்திருக்கு. வீட்டத் தாண்டுனதும் அது அறுந்துருது. இந்த மாடல் பொண்டாட்டி மாரி, அறுந்தா தானாத் திரும்பி வராது. யாருண்ணே இந்த மஹ்மூத்? அவர போன ஓஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க, சரியாயிரும்.”

சுந்தரலிங்கம் குனிந்து அந்தப் பெயரை எழுத்துக்கூட்டினார்.

“அவரு மௌத்தாயி மூணு மாசமாச்சி.”

சுதர்சினி அவரைப் பார்த்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்:

“போனு மௌத்தாகலியே அண்ணே.”

ரோட்டில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“எவ்வளவு தூரத்துலருந்து புடிக்கும்?”

“நடுவுல செவரு இருந்தா பத்தடி, பதினஞ்சடி. ஜன்னல் தெறந்திருந்தா கொஞ்சம் கூட. அழிச்சிரவா? மூணாவது கட்டம். ஒரு தட்டுத்தான்.”

“வேணாம்,” என்றார் சுந்தரலிங்கம். சொன்ன வேகம் அவருக்கே புதிதாக இருந்தது. “நா பாத்துக்குறேன்.”

போர்ட்டிக்கோவிலிருந்து பதினைந்தடிக்குள் ஒரே ஓர் அறைதான் இருக்கிறது. ஹாஜியாரின் மனைவி கைரியா இத்தா இருக்கும் அறை.

கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. அன்றைக்கு எண்பத்தோராம் நாள். இந்த எண்பத்தொரு நாளில் சுந்தரலிங்கம் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, குரலும் கேட்கவில்லை. மருந்து, பழம், பேரீச்சம்பழம் எதுவானாலும் துணைக்கு வந்திருந்த தங்கை அனீஸாதான் வாசலில் நின்று சொல்வாள், வாங்கிக்கொள்வாள். ஜன்னலில் பச்சைத் திரை. அதற்குப் பின்னால் ஒரு மனுஷி மூச்சு விடுகிறாள் என்பதே காரைத் துடைக்கும்போது சில சமயம் மறந்துவிடும்.

ஆஸ்பத்திரிப் பையை அவர் கொடுத்தது யார் கையில்? அனீஸா கையில். அனீஸா நேரே கொண்டுபோய் வைத்தது எங்கே? அந்த அறையில். மூன்று மாதமாக ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்த படத்தில் இந்தத் துண்டை மட்டும் அவர் எப்படிப் பார்க்காமல் விட்டார்?

பேராதனைப் பாலத்தின் மேல் வரும்போது காருக்குள் மணி அடித்தது. பட்டனை அமத்தினார். இன்ஷிராவின் குரல் நாலு ஸ்பீக்கரிலும் மணிமணியாக வந்தது.

“என்னாச்சி? பாத்தீங்களா?”

மூன்றே சொல். ‘போன் உங்க உம்மாகிட்ட.’ சொல்லிவிட்டால் இன்று மாலையே கடைத்தெரு வாய் மூடும். களுக்கென்று சிரித்த மூட்டைக்காரனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுந்தரலிங்கம் வாயைத் திறந்தார்.

கீழே மகாவலி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. இதே பாலத்தில், வேன் காலத்தில், ஒரு மழை நாளில் டயர் வெடித்து நின்றார்கள். ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவருக்குக் குடை பிடித்தார். ‘டயர நீ மாத்து, நான் ஒனக்குக் குட. மொதலாளி வேலக்காரன் எல்லாம் மழைக்குத் தெரியாடா.’ அப்புறம் இருவருமாகக் கெலிஓயாவில் ஓரக் கடையில் பராட்டாவும் மீன் கறியும் தின்றார்கள். ஹாஜியார் மூன்றாவது பராட்டாவைக் கேட்டுவிட்டு, ‘கைரியாக்குச் செல்லாத. சீனி கூடினா என்னக் கொண்டுபோடுவா’ என்றார். இன்றுவரை சுந்தரலிங்கம் சொன்னதில்லை.

“ஹலோ? கேக்குதா?”

“கேக்குது மகள். நல்லாக் கேக்குது. இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கம்பளையை அடைந்தபோது மணி மூன்று. அம்பகமுவ மலைப்பக்கம் வானம் தார் மாதிரி இறங்கி வந்துகொண்டிருந்தது. போர்ட்டிக்கோவில் காரைப் பின்பக்கமாகவே ஏற்றி, ஜன்னலோரம் நிறுத்தினார். ஓஃப் பண்ணினார். ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமத்தினார்.

முதலில் அவருடைய போன்தான் சேர்ந்தது. அவர் அதை எடுத்து ஓஃப் பண்ணினார். கார் தேடியது. தேடியது. ‘டிங்.’

அதை அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். அடுத்ததை எதிர்பார்க்கவில்லை.

“கைரியா, மானம் கறுத்து வருது. மொளகு காயப்போட்டீக்கிற படங்க மடிக்கச் செல்லு. நனஞ்சா பொறகு என்னக் கேக்காத.”

ஹாஜியார்! பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அந்த இருமல் கலந்த கரகரப்பு, ‘கேக்காத’ என்பதை இழுக்கிற இழுவை, பின்னால் கடைத்தெருவின் இரைச்சல். சுந்தரலிங்கத்தின் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. நின்றுகொண்டிருந்த காருக்கு எதற்குப் பிரேக்?

அதே நொடியில் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு குரல் உடைந்தது.

“யா அல்லாஹ்… திரும்பவும் போயிட்டு. சத்தம் போயிட்டு.”

அவர் இறங்கினார். ஜன்னலுக்கு நேராக நிற்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“அம்மா.”

உள்ளே அழுகை டக்கென்று நின்றது.

“அம்மா, சத்தம் போகலீங்க. இங்க காருல கேட்டுச்சி.”

முற்றத்தில் முதல் மழைத்துளி விழுந்தது.

“லிங்கமா?” அந்தக் குரலைக் கேட்டு எண்பத்தொரு நாள். “கார்லயா? கார்ல எப்பிடி?”

“இந்தப் போனும் காரும் பழைய சிநேகிதம். ஹாஜியாரு ஏறினதும் ரெண்டும் சேந்துக்கும். இப்பவும் காரு ஸ்டார்ட் ஆனா, போனுல போடுற சத்தம் அங்க வராம இங்க வந்துருது.”

“அப்ப… தேஞ்சி போகல்லயா?”

“என்னாது?”

“காலையில நான் கேக்கப்போனா சில நாள் வராது. வெறுசா ஓடும், சத்தம் ஈக்காது. பொறகு பகலைக்கு வரும். நான் நெனச்சன், கேட்டுக் கேட்டுத் தேஞ்சி போகுதெண்டு. பழைய கெசட் தேயிற மாதிரி. அதுக்காக ஒரு நாளைக்கு ஒண்டுதான் கேப்பன். நேத்து ஒண்டுமே கேக்கல்ல, மிச்சம் புடிப்பமெண்டு.”

காலையில் சுந்தரலிங்கம் சட்டையையும் போனையும் கேட்டில் மாட்டிவிட்டு, கதவுகளைச் சாத்திக் காரைத் துடைக்கும்போது பாட்டரிக்காக அரைமணி நேரம் ஸ்டார்ட்டில் விடுவார். அந்த அரைமணி நேரமும் இந்த அம்மா உள்ளே போனைக் காதில் வைத்துக்கொண்டு, புருஷன் குரல் தேய்ந்துபோகிறது என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“தேயாதும்மா. எத்தன தரம் வேணும்னாலும் கேளுங்க.”

“லிங்கம்.” திரை லேசாக அசைந்தது. “பையிலேந்து நான்தான் எடுத்தன். இன்ஷிரா பழைய போனெல்லாம் தொடச்சிக் கடைக்குக் குடுப்பா. இதயும் தொடச்சிருவாளெண்டு பயம். அவ வந்து பைல போன் இல்லயெண்டு கத்தினப்ப செல்லத்தான் நெனச்சன். வாய் தொறபடல்ல. பொறகு உங்கட பேர் அடிபட்டிச்சி. அப்ப செல்ல வெக்கம். ஒவ்வொரு நாளும் நீங்க கார் தொடைக்கிற சத்தம் கேக்கும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செல்லுவமெண்டு…”

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டியது.

கோபம் வரவேண்டும். சுந்தரலிங்கம் அதைத் தேடிப் பார்த்தார். மூன்று மாதமாக அடைகாத்த கோபம், கைக்கு அகப்படவில்லை.

“அதுல நெறைய இருக்காம்மா? ஹாஜியாரு பேசினது?”

“நாப்பத்தி மூணு வொய்ஸ். எனக்கு அனுப்பினத நான் அண்டண்டே அழிச்சிட்டன், அவர்ட போன்ல மட்டுந்தான் ஈக்கிது. எல்லாம் இதுதான். மீன் வாங்கவா, படங்க மடி, கேட்டப் பூட்டு. ஒண்டுலயாவது நல்ல ஒரு வார்த்த இல்ல, மனுசன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள், அது பாதி சிரிப்பு மாதிரி இருந்தது. “உங்களப் பத்தியும் ஒண்டு ஈக்கிது. கேக்கிறீங்களா?”

“வேணாம்மா,” என்றார். பிறகு, “போடுங்க,” என்றார்.

காரின் கதவு திறந்தே இருந்தது.

“கைரியா, நாவலப்பிட்டியில நிக்கிறம். லிங்கம் பகல் திண்ணல்ல. செல்லியும் கேக்கிறானில்ல, மாடு. ரெண்டு பேத்துக்கும் சோறு வையி. மீன் வால் துண்டு அவனுக்கு வையி, அவன் முள்ளுக்குப் பயப்பிடமாட்டான்.”

அது எந்த நாள், எந்த மழை என்று சுந்தரலிங்கத்துக்கு ஞாபகம் வரவில்லை. வால் துண்டு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“வாப்பா?”

வாசற்படியில் இன்ஷிரா நின்றாள். அஸர் தொழுகைக்கு முன்னால் உம்மாவைப் பார்க்க தினமும் வருவாள். மழைச் சத்தத்தில் ஆட்டோ வந்தது யாருக்கும் கேட்கவில்லை. நனைந்த ஷோல் தலையோடு ஒட்டியிருந்தது. அவள் பார்வை திறந்த கார்க்கதவில் இருந்தது. யாரோ இறங்கப் போகிறார்கள் என்பது போல.

“வாப்பாட சத்தம்… எங்கேந்து?”

இப்போது பொய் சொல்லவேண்டியவர் அவர்தான். சொன்னார்.

“காருல பழசு பதிஞ்சி கெடந்திருக்கு மகள். பிலிமத்தலாவைல அந்தப் புள்ள தட்டினதுல வெளிய வந்துருச்சி.”

“பொய் செல்லாதீங்க லிங்கம்!”

திரைக்குப் பின்னாலிருந்து வந்த அதட்டலில் இன்ஷிரா திடுக்கிட்டுத் திரும்பினாள். இத்தாவில் இருக்கிற உம்மா, ஓர் அந்நிய ஆணைப் பெயர் சொல்லி அதட்டுகிறாள்!

“போன் என்னட்ட ஈக்கிது. மௌத்தான அண்டேலேந்து என்னட்டத்தான். உள்ளுக்கு வா, செல்றன்.”

உள்ளே என்ன பேசினார்கள் என்பது சுந்தரலிங்கத்துக்குத் தெரியாது. மழை முழுசாகப் பெய்து ஓய்கிறவரை அவர் போர்ட்டிக்கோவில் நின்றார். அனீஸா இஞ்சிப் பிளேன்டீயைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அடியில் பனங்கட்டித் துண்டு இரண்டாக இருந்தது.

இன்ஷிரா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. படியில் நின்றபடியே பேசினாள்.

“நாளைக்குக் கடையில எல்லாருக்கும் முன்னால நானே செல்றன். போன நீங்க எடுக்கல்ல, தொலைக்கவுமில்லயெண்டு.”

“அப்ப யாரு எடுத்தான்னு கேப்பாங்களே மகள்.”

அவள் பச்சைத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“இத்தாவுல இருக்கிற அம்மாவக் கடைத்தெருவுல நிறுத்தணுமா? வேணாம். நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கிட்டீங்க. எனக்கு அது போதும்.”

“உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது,” என்றது திரை. “இத்தா முடியட்டும். அது வரைக்கும் யாரும் ஒண்டும் செல்லவேணாம். நான் தொடங்கினது, நான் முடிக்கிறன்.”

அன்றிலிருந்து சுந்தரலிங்கம் காரைப் போர்ட்டிக்கோவில் விடவில்லை. கேட்டோரம் பலாமரத்தடியில் விட்டார். பலா இலையும் காக்கை எச்சமும் துடைத்துத் துடைத்துக் கை வலித்தது. அவருடைய போன் ஒழுங்காகக் காருடன் சேர்ந்தது. இன்ஷிரா வேறு டிரைவர் பற்றிப் பிறகு வாயெடுக்கவில்லை. மூட்டைக்காரன் மட்டும் பழைய சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். அதை அவர் நாட்கணக்குப் போட்டுத் தாங்கினார்: இன்னும் நாற்பது நாள், இன்னும் பன்னிரண்டு நாள்.

இத்தா முடிந்த மறுநாள் வீடு நிறைந்த சனம். கம்பளை, அக்குறணை, மாவனல்லையிலிருந்தெல்லாம் குடும்பங்கள். ஹோலில் பாய் விரித்துச் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் ஆறு பேராக உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெரு வியாபாரிகள் ஒரு பக்கம், மூட்டைக்காரர்களும் வந்திருந்தார்கள். சுந்தரலிங்கத்தையும் இழுத்து ஒரு சஹனில் உட்காரவைத்திருந்தார்கள். புரியாணியில் ஒரு பிடி எடுத்து வாயில் வைக்கப்போகும்போது உள்வாசலில் சலசலப்பு அடங்கியது.

கைரியா நின்றாள். வெள்ளை உடுப்பு, அவர் நினைத்ததைவிட மெலிந்துபோன முகம். வலது கையில் போன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கட ஹாஜியார்ட போன லிங்கம் தொலைக்கல்ல. நான் எடுத்து ஒளிச்சீக்கன். அவர்ட பேரக் கெடுத்தது என்ட மௌனம். இருவத்தாறு வருசம் இந்த வீட்டுச் சோறு திண்ட மனுசன், அத விடக் கூட வேல செஞ்ச மனுசன். எல்லாருக்கும் முன்னால பொருத்தம் கேக்கிறன். லிங்கம், என்னப் பொருந்திக்கங்க.”

இந்த ஊரில் பொருத்தம் என்று மன்னிப்புக் கேட்டால் கேட்டதுதான். கொடுக்காமல் ஒருவன் எழுந்து போக முடியாது; கொடுத்தபின் அதைப் பற்றி ஒருவன் பேச முடியாது. ஹோல் முழுவதும் சுந்தரலிங்கத்தைப் பார்த்தது. மூட்டைக்காரன் தன் சஹனுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

கையில் சோற்றோடு எழுந்து நின்றவருக்கு, ஒன்றரை மாதமாகப் படுக்கையில் படுத்துச் சொல்லிப் பார்த்த வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“பொருந்திக்கிட்டேம்மா,” என்றார். “சத்தியமா எப்பவோ பொருந்திக்கிட்டேன்.”

சாப்பாடு முடிந்து, கை கழுவி, அவர் காரடிக்குப் போனபோது கைரியா படியிறங்கி வந்தாள். கூடவே இன்ஷிராவும் நாலைந்து பெண்களும். நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு முற்றத்து வெயில். கண்ணைக் கூசிக்கொண்டு நின்றாள்.

“லிங்கம், கார்லேந்து அவர்ட பேர அழிச்சிருங்க.”

“வேணாம்மா. நா மரத்தடியிலேயே விட்டுக்குறேன். கஷ்டமில்ல.”

“மழையில நனஞ்சிட்டுப் போறத ஜன்னலால பாத்தன். அவர் கேட்டா என்னத்தான் ஏசுவார்.” போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அவர் என்னட்ட ஈக்கார். காருக்கு இனித் தேவல்ல.”

சுந்தரலிங்கம் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, நடுக் கட்டத்தைத் திறந்தார். பெயர் இருந்தது. இந்தக் கார் வந்த நாளிலிருந்து அவர் தொட்டிராத மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். இன்ஷிரா குனிந்து, அவர் தோளுக்கு மேலாக ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அமத்தினார்.

வரிசையில் ஒரு இடம் காலியானது. கீழே இருந்த பெயர்கள் மேலேறி அதை மூடிக்கொண்டன. யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போது காருக்குள் மணி அடித்தது. பதறிப்போய்ப் பட்டனை அமத்தினார். நாலு கதவும் திறந்திருந்தன. அவர் மனைவி பாலம்மாவின் குரல் நாலு ஸ்பீக்கரிலும் வெடித்து முற்றம் முழுக்கப் பரவியது.

“யோவ், எங்கய்யா போய்த் தொலஞ்ச? மத்தியானம் வாறேன்னியே! புரியாணியக் கண்டதும் பொண்டாட்டி மறந்துருச்சா? எனக்கு ஒரு பொட்டலமாச்சும் கட்டச் சொன்னியா இல்லையா?”

பட்டனைத் தேடிய சுந்தரலிங்கத்தின் விரல், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அமத்தியது. வைப்பர் ஓடியது. ஹோர்ன் அடித்தது.

“என்னா சத்தம் அது? யோவ்! காதுல விழுதா?”

கைரியா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பிறகு காருக்குள் குனிந்து, ஸ்பீக்கரைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“நான் கட்டித் தாறன் பாலம்மா! அவர ஏசாதீங்க!”

மறுமுனையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

“அய்யய்யோ, அம்மாவா?” என்றது கார், சின்னக் குரலில்.